திட்டுப் பட்டியல்

"நான்தான் வாலு பேசுறேன். வயசு நேத்தோட இருபத்திமூணு. வேலை பாக்குற ஊர்ல, மூணாவது மாடி ரூம்ல இருக்கேன். அக்கா, அப்பாவுக்குக் கோவம் தணிஞ்சுதா?"

அவன் சொல்லச் சொல்ல போன் அதை எழுத்தாக்கி வீட்டுக்கு அனுப்பியது. அப்பா வேண்டாம் என்று தடுத்தும் கேட்காமல் விமானம் ஏறி மூன்று வாரம்.

டிங் என்றது. அப்பாதான்!

திறந்து படிக்கத் தைரியம் ஏது? அதற்கென்றே ஒரு ப்ரோக்ராம் எழுதி வைத்திருந்தான். அதன் டிக்‌ஷனரியில் இரண்டு பட்டியல்: 'மரியாதை', 'திட்டு'. வந்த மெசேஜில் எந்தப் பட்டியலின் வார்த்தை எத்தனை என்று எண்ணிச் சொல்லும்.

"இதுவரைக்கும் என்ன சொல்லிச்சு?" என்றான் அறை நண்பன்.

"பதினோரு மெசேஜும் மரியாதைதான். 'வணக்கம்', 'நன்றி', ஒண்ணுல 'மன்னிக்கவும்'கூட."

"தங்கமான அப்பாடா! எங்கப்பா என்னை மனுஷனாவே மதிச்சதில்ல. அப்புறம் ஏன் இந்த நடுக்கம்?"

வாலு ப்ரோக்ராமை ஓட்டினான்.

மரியாதை: 0. திட்டு: 0.

"போச்சு. ஒண்ணுமே இல்ல" என்று தலையில் கைவைத்தான்.

நண்பன் பட்டியலைப் பார்த்துச் சிரித்தான். "கழுதை, எருமை, குரங்குன்னு பரீட்சை எழுதுற மாதிரி போட்டு வச்சிருக்க! உங்கப்பாவும் போன்ல பேசித்தானே டைப் பண்றார்? எவனாவது 'கழுதை'ன்னு சுத்தமா ஐகாரம் போட்டுத் திட்டுவானா?"

அவனே 'கழுத', 'எரும', 'கொரங்கு' என்று சேர்த்து மறுபடி ஓட்டினான்.

மரியாதை: 0. திட்டு: 4.

நண்பனின் சிரிப்பு நின்றது. "விடுடா... பெரியவங்க. ரெண்டு நாள்ல சரியாயிடும்."

வாலு மெசேஜைத் திறந்தான். 'டேய் கழுத, அங்க குளுருதாமே, ஸ்வெட்டர் போட்டியா எரும? கொரங்கு, சாப்புட்டியா இல்லையா? பதில் சொல்லுடா கழுத.'

அடுத்த நொடி நண்பனைக் கட்டிப்பிடித்துக் குதித்தவன், போனை வாயருகே கொண்டுபோனான்.

"அக்கா! மூணு வாரமா யாரோ எவரோன்னு எனக்கு வணக்கம் போட்ட மனுஷன், இன்னைக்கு மறுபடியும் என்னைக் கழுத ஆக்கிட்டார்! இதை யார் படிச்சாலும் சரி, உடனே போனை அப்பாகிட்ட குடுங்க."