ஏறிய எடை

பட்டினத்தில் வீடு வீடாகப் போய்க் குழந்தை வளர்ப்பு சொல்லிக்கொடுத்த நர்ஸ் இவோனுக்கு ஒரே ஆறுதல், அஜீசுன்னிசாவின் ஒன்றரை வயது மகன் ஜக்கரியா. மாதம் தவறாமல் நூறு கிராம் ஏறியவன் அவன் ஒருவன்தான். ஒரு குழந்தையாவது தேறாவிட்டால் இந்த வீடு சுற்றும் வேலையே வேண்டாம் என்று டாக்டர் கறாராகச் சொல்லியிருந்தார்.

ஐந்தாவது மாதமும் தராசு முள் ஏறியது. இவோனுக்கு உச்சி குளிர்ந்தது.

“நான் சொன்ன முட்டை, கேப்பைக் கஞ்சி எல்லாம் குடுக்குறீங்கல்ல?”

“எங்கங்க நர்சம்மா! வாயில வச்சா துப்பிடுறான்.”

“அப்புறம் எப்படி எடை ஏறுது?”

அஜீசுன்னிசா தயங்கித் தயங்கி மகனின் சட்டையைத் தூக்கினாள். இடுப்புக் கயிற்றில் கனத்த ஈயத் தாயத்துகள் நான்கு தொங்கின.

“புள்ளைய எடை போட்டா கண்ணேறு படும்னு தெருவே சொல்லுது. வீடு தேடி வர்ற உங்கள வேணாம்னு சொல்ல முடியுங்களா? அதான் நீங்க எடை போட்டுட்டுப் போனதும் ஒவ்வொரு தடவையும் ஒண்ணு கட்டிடுவேன்.”

இவோன் தாயத்துகளைக் கழற்றிவிட்டு மறுபடி எடை போட்டாள். முதல் மாதத்து எடையேதான்.

அஜீசுன்னிசாவின் முகம் மலர்ந்தது.

“பாத்தீங்களா நர்சம்மா? அஞ்சு தடவ எடை போட்டும் புள்ள ஒரு கிராம் குறையல. தாயத்துன்னா இதுதாங்க தாயத்து! உங்க டாக்டர்கிட்ட அவசியம் சொல்லுங்க.”