மதியம் தூங்கும் குடை

"என்ன சார், உங்க குடை இன்னைக்கும் சாப்பாடு முடிஞ்சதும் தூங்கப் போயிடுச்சா?"

சாயக்காரி கேட்டாள். ஆய்வுக்கூடமே சிரித்தது. அப்போதுதான் உள்ளே வந்த குடைக்காரர் நெற்றி வியர்வையைத் துடைத்துக்கொண்டே தானும் சிரித்தார்.

"வயசாயிடுச்சும்மா. அதுக்கும், எனக்கும்."

வெயிலிலிருந்து மின்சாரம் எடுக்க, எல்லார் வீட்டுக் கூரையிலும் இருக்கிற சோலார் பேனலை விட்டால் வேறு வழி உண்டா? அதைப் பார்த்துச் சொல்வதுதான் அந்த ஆய்வுக்கூடத்தின் வேலை. மொட்டை மாடியில் இரண்டு வழிகள் போட்டியில் இருந்தன.

ஒன்று குடைக்காரருடையது. மல்லாத்தி வைத்த குடை மாதிரி ஒரு பெரிய கண்ணாடி. வெயிலை ஒரே புள்ளியில் குவிக்கும். அந்தச் சூட்டில் ஒரு என்ஜின் ஓடும், என்ஜின் மின்சாரம் தரும்.

மற்றது சாயக்காரியுடையது. சாயம் பூசிய சின்னச் சின்னக் கண்ணாடிகள். வெளிச்சம் பட்டால் சாயமே மின்சாரம் தரும். கொஞ்சம்தான் தரும், ஆனால் மலிவு.

இரண்டில் ஒன்றுக்குத்தான் இனி இடம். முடிவு இன்றைக்கு. தோற்றது பழைய இரும்புக் கடைக்குப் போகும்.

குடை காலையில் சிங்கம் மாதிரி ஓடும். மதியம் ஆனால் படுத்துவிடும். தினமும் இதே கூத்து.

கேலி செய்தாளே தவிர, சாயக்காரிக்கு மண்டை காய்ந்தது. நல்ல வெயிலில்தானே என்ஜின் துள்ளி ஓட வேண்டும்? கெட்டுப்போன என்ஜின் என்றால் கண்ட நேரத்தில் நிற்கும். இது என்ன, ஆபீஸ்காரர் மாதிரி மணி பார்த்து நிற்கிறது!

"சூடு அதிகமாகி நின்னுடுதோ சார்?"

"இருக்கும்மா, இருக்கும்."

"இல்ல, உள்ள ஏதாவது சிக்கிக்குதோ?"

"அதுவும் இருக்கலாம்."

இந்த மனிதரிடம் என்னத்தைப் பேசுவது! சாப்பிட்டதும் காணாமல் போகிறார், வியர்த்து வழியத் திரும்பி வருகிறார். எங்கேயோ காற்றில்லாத மூலையில் குட்டித் தூக்கம் போடுகிறார் என்பது எல்லாருடைய தீர்மானம். ஆளைப் போலத்தான் மிஷினும் என்று பேச்சு.

மாடி ஏறிப் பார்த்தால் தெரிந்துவிடும்தான். ஆனால் அங்கே ஒரு வழக்கம். வெயிலை ஆராய்கிறவர்கள் யாரும் வெயிலில் நிற்பதில்லை. கம்பி வழியாக மின்சார அளவு கீழே கம்ப்யூட்டருக்கு வந்துவிடும், ஏ.சி. அறையில் உட்கார்ந்து பார்த்துக்கொள்ளலாம். சாயக்காரியும் காலை இளவெயிலில் போய்த் தன் கண்ணாடிகளைத் துடைத்துவிட்டு வருவதோடு சரி.

ஆய்வுக்கூடத்தின் தலைவி வந்தார். எல்லாருக்கும் அவர் மேடம். உட்காரக்கூட இல்லை.

"அரை நாள் ஓடுற மிஷினை வச்சுக்கிட்டு என்ன பண்றது? சாயக் கண்ணாடி கொஞ்சமா தந்தாலும் பொழுது சாயற வரைக்கும் தருது. அதுவே இருக்கட்டும். குடையைக் கழட்டிடுங்க."

முதலில் கை தட்டியது குடைக்காரர்தான்.

சாயக்காரிக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. ஆனாலும் உள்ளே ஒரு அரிப்பு. கழட்டிவிட்டால், அது ஏன் தூங்கியது என்று கடைசிவரை தெரியாமலே போய்விடுமே! மற்றவர்கள் டீ குடிக்கப் போனதும் அவள் மாடிப்படி ஏறினாள்.

வெயில் முகத்தில் அறைந்தது. குடை சூரியனுக்கு முகம் காட்டாமல், விளிம்பை மட்டும் காட்டிக்கொண்டு ஒருக்களித்து நின்றது. சூரியன் பின்னாலேயே அதைத் திருப்பிக்கொண்டு போகிற மோட்டார் அணைக்கப்பட்டுக் கிடந்தது. கையால் திருப்புகிற சக்கரத்தின் மேல் குடைக்காரரின் கையுறை.

அட மனுஷா! தன் மிஷினைத் தானே நிறுத்திவிட்டா தூங்கப் போகிறார்?

அவளுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. சக்கரத்தைப் பிடித்துச் சுற்றினாள். குடை மெல்ல மேற்கே திரும்பி வெயிலை முழுசாக வாங்கிக்கொண்டது. கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. பிறகு என்ஜின் ஒரு கனைப்புக் கனைத்துவிட்டு ஜம்மென்று ஓட ஆரம்பித்தது.

ஒரு கோளாறும் இல்லை!

"அதைப் பழையபடி திருப்பி வச்சிடும்மா."

படிக்கட்டு வாசலில் குடைக்காரர் மூச்சு வாங்க நின்றுகொண்டிருந்தார்.

"நல்லாத்தானே ஓடுது சார்! எதுக்கு நிறுத்தினீங்க?"

அவர் அவளுக்குப் பின்னால் கை காட்டினார். அவள் திரும்பிப் பார்த்தாள்.

குடையின் நிழல் அவளுடைய கண்ணாடிகள் அத்தனையையும் மூடியிருந்தது. அவற்றின் மீட்டர் முள் அடிமட்டத்தில் கிடந்தது.

"வெயில் மேற்கே சாய்ஞ்சா இப்படித்தாம்மா விழுது. ஒருக்களிச்சு நிறுத்தினா நிழல் ஒரு கோடு மாதிரி ஒதுங்கிடும்."

"சொல்லியிருக்கலாமே சார்..."

"சொன்னா என்ன ஆகும்? பின்னால வந்தவ நீ. உன்னைத்தான் தண்ணித் தொட்டிக்கு அந்தப் பக்கம் தள்ளுவாங்க. அங்க வெயிலே வராது. இது சரிப்பட்டு வராதுன்னு எழுதி உன் கண்ணாடியை மூடிடுவாங்க. என் குடை காலையில ஓடுறதே போதும்னு நினைச்சேன். கணக்கு தப்பிடுச்சு, விடு." மறுபடியும் அதே சிரிப்பு. "சீக்கிரம் திருப்பும்மா. மேடம் உன் கண்ணாடியைப் பார்க்க மேல வர்றாங்க."

படியில் செருப்புச் சத்தம் கேட்டது. குடைக்காரர் அவசரமாகச் சக்கரத்தை நோக்கி வந்தார். சாயக்காரி அவரைக் கை வைக்க விடாமல் குறுக்கே நின்றுகொண்டு, கீழே பார்த்துக் குரல் கொடுத்தாள்.

"சீக்கிரம் வாங்க மேடம்! நான் எப்படி ஜெயிச்சேன்னு வந்து பாருங்க!"