ஏழாயிரத்துக்குக் கீழே

"எண்பது இருக்கட்டும், காத்துல கை வைக்காதே..."

"அறுபத்தஞ்சு போதும்னு அட்டவணையிலேயே..."

"அட்டவணையா வந்து டயரைத் தாங்கப் போகுது? உள்ளே எங்கக்கா படுத்திருக்கா."

ட்ரெய்லரின் பின்டயர் அருகே மண்டியிட்டிருந்த ஹார்லன், காற்று மீட்டரும் கையுமாக மனைவி நெட்டியை நிமிர்ந்து பார்த்தார்.

போன கோடையில், இதே நெவாடா சாலையில், காற்று குறைந்த டயர் ஒன்று வெடித்து ட்ரெய்லரின் அடித்தரையையே கிழித்துப் போட்டது. அன்று உள்ளே யாரும் இல்லை. இன்று நெட்டியின் அக்கா மேவிஸ் இருக்கிறாள். இடுப்பு அறுவை சிகிச்சை முடிந்து இரண்டு மாதம்தான். இழுத்துச் செல்லும் பிக்கப் வண்டியில் உட்கார முடியாது என்றதால், கூடாது என்று தெரிந்தும் பின்னால் கட்டிலில் படுக்கவைத்து இழுத்து வருகிறார்கள். ஏதாவது ஆனால் கூப்பிடக்கூட வழியில்லை. அவள் போன் முன்னால் பிக்கப்பில் சார்ஜில் கிடக்கிறது.

மணி ஒன்று. தார் கொதித்தது. சூடான டயரில் காற்றை இறக்கினால் ஆறியதும் இன்னும் குறைந்துபோகும், எதிரே பதினைந்து மைல் மலையிறக்கம் வேறு இருக்கிறது என்று நெட்டி விடாமல் வாதாடினாள்.

ஹார்லன் இரண்டு எடைச்சீட்டுகளை நீட்டினார். காலையில் புறப்பட்டபோது ட்ரெய்லர் சக்கரங்களின் மேல் ஏழாயிரத்து நூறு பவுண்டு. இந்த லாரி நிறுத்தத்து எடைமேடையில், இப்போது, ஆறாயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபது.

"ஏழாயிரத்துக்குக் கீழேன்னா அறுபத்தஞ்சு போதும். கீழே வந்தாச்சு. நானா சொல்றேன்? மெஷின் சொல்லுது."

"எப்படிக் குறையும்? காலையிலேர்ந்து நாம எதை இறக்கி வெச்சோம்?"

தண்ணீர்த் தொட்டி ஒழுகியிருக்கும் என்றார் அவர். எண்பது மைலுக்கு முன்னால், ஆளும் இல்லாமல் நிழலும் இல்லாமல் நின்ற அந்தப் பெட்ரோல் பங்கில், கார்டைத் தேய்த்து நிரப்பும்போது ட்ரெய்லர் லேசாக ஆடியதே, அப்போது அடியில் ஏதோ கழன்றிருக்கும். அப்போது காற்றடிக்கிறது என்றாய், இப்போது ஒழுகல் என்கிறாய் என்று நெட்டி குத்திக்காட்டினாள்.

"கத்தாதே. உங்கக்கா முழிச்சுக்கப் போறா."

"முழிச்சா உனக்குத்தான் ஆபத்து, கிழவா."

அவர் வால்வை அழுத்தினார். காற்று சீறிக்கொண்டு வெளியேறியது.

அந்தச் சத்தம் பொறுக்காமல் நெட்டி குனிந்து ட்ரெய்லருக்கு அடியில் கையை விட்டாள். தரை காய்ந்திருந்தது. தொட்டியின் பக்கவாட்டில் விரல் மடக்கித் தட்டினாள். அடியிலும் மேலேயும் ஒரே மந்தமான சத்தம். காலையில் நிரப்பிய தண்ணீர், நிரப்பியபடியே இருந்தது.

அவள் மெல்ல எழுந்து சீட்டுகளை இன்னொரு முறை பார்த்தாள். பிறகு சாத்தியிருந்த ட்ரெய்லர் கதவைப் பார்த்தாள்.

"ஹார்லன், எங்கக்கா எடை நூத்தி நாப்பது பவுண்டு."