இது தெளிவா, அது தெளிவா?

"இப்பச் சொல்லு. இது தெளிவா, அது தெளிவா?"

ஒரு ஸ்பீக்கர் ஒயரைக் கழற்றி இன்னொன்றை மாட்டிவிட்டு மணிராஜ் கேட்டான். கேட்ட பிறகுதான் அது கடையில் கேட்கிற கேள்வி என்று அவனுக்கே உறைத்தது. பாளையங்கோட்டையில் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருப்பவன். வருகிறவர்களின் கண்ணுக்கு லென்ஸை மாற்றி மாற்றி வைத்து, நாள் முழுக்க இதையேதான் கேட்டுக்கொண்டிருப்பான்.

அவன் மனைவி முத்துராணி முந்தானையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டாள். "ரெண்டும் ஒண்ணுதான். அதே பாட்டு, அதே ஆளுதான் படிக்கான்."

"அந்த ஒயர்ல வயலின் செவத்துக்குள்ள நிக்கும். இதுல வெளிய வந்து நிக்கும்."

"வெளிய வந்தவருக்குக் காப்பி போடட்டா?"

மாடி அறையில் ஆளுயர ஸ்பீக்கர் இரண்டு. இரும்புப் பெட்டி கனத்துக்கு ஒரு ஆம்ப்ளிபயர். நடுவே ஒரே ஒரு நாற்காலி. அதில் உட்கார்ந்தால்தான் இரண்டு காதுக்கும் பாட்டு சரிசமமாக விழும் என்று வருகிறவர் போகிறவரிடம் எல்லாம் சொல்லுவான். யாரும் உட்காரக் கேட்டதில்லை. தெரியாத்தனமாக ஒயரின் விலையை உளறிய அன்று, முத்துராணி அதைக் கையில் வாங்கி, துணி காயப்போட நீளம் போதுமா என்று பிடித்துப் பார்த்தாள்.

இந்த அறையைத்தான் இரண்டு மாதத்துக்கு முன் அவள் கேட்டாள். மாஞ்சோலைத் தேயிலை எஸ்டேட்டை மூடி எல்லோரும் மலையிறங்கியபோது அவள் அப்பா சங்கிலிபூதத்தானும் இறங்கினார். இப்போது மணிமுத்தாறில் ஒரு வாடகை வீட்டில் தனியாளாகப் பொங்கித் தின்கிறார். அவரை இங்கே கொண்டுவந்து வைத்துக்கொள்ளலாமா என்றாள். மணிராஜ் முடியாது என்று சொல்லவில்லை. ஒரு கட்டில் உள்ளே வந்தாலும் சத்தம் கெட்டுப்போகும் என்று அரைமணி நேரம் விளக்கினான். அதற்குமேல் அவள் அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

அதுதான் அவனைக் குடைந்தது. வித்தியாசம் அவள் காதில் ஒருதரம் விழுந்துவிட்டால், தான் சொன்னது நியாயம் என்று ஆகிவிடும். அதற்குத்தான் இந்தப் பரீட்சை.

முத்துராணி சும்மா கையைத் தட்டினாள். அறை டங்கென்று திருப்பித் தந்தது. "கெணத்துக்குள்ள நிக்காப்புல கேக்கு. இதுக்கு என்ன செய்யணும்?"

கல்யாணமான நாளிலிருந்து இந்த விஷயத்தில் விலையைப் பற்றியல்லாமல் அவள் கேட்ட முதல் கேள்வி. மணிராஜ் குளிர்ந்துபோனான்.

"வெறுஞ்செவருல்லா, அதான். தடிக் கம்பளியாத் தொங்கவிடணும். கீழ ஒரு மெத்த கெடக்கணும். மூலைல துணி அடைச்ச பொட்டி இருந்தா நல்லது. கூட ஒரு ஆள் இருந்தா இன்னும் நல்லது, மனுச ஒடம்பும் சத்தத்த உறிஞ்சும். ஆனா நம்மூரு வெயில்ல கம்பளிக்கு எங்க போவ?"

"நான் பாத்துக்கிடுதேன்" என்றாள் முத்துராணி.

ஞாயிற்றுக்கிழமை கடையை அடைத்துவிட்டு வந்து மாடி ஏறினான். சுவர்களில் எஸ்டேட்டில் கொடுத்த கம்பளிகள். தரையில் இலவம்பஞ்சு மெத்தை. மூலையில் குளிர்ச் சட்டைகள் பிதுங்கும் தகரப் பெட்டி. அந்த ஒற்றை நாற்காலியின் நுனியில், கையைக் கட்டிக்கொண்டு மாமனார்.

"நீங்க சொன்னதெல்லாம் வந்துட்டு" என்றாள் முத்துராணி. "கட்டில் ஆவாதுன்னிய. அதக் கொண்டுவரல."

மணிராஜ் கையைத் தட்டிப் பார்த்தான். சத்தம் கம்பளியில் விழுந்து அங்கேயே படுத்துக்கொண்டது. சொன்னது தன் வாய். யாரைக் குற்றம் சொல்ல?

வேறு வழியில்லாமல் ஒரு பாட்டைப் போட்டான். மாமனார் எந்தச் சாமானுக்கும் விலை கேட்கவில்லை. கண்ணை மூடிக்கொண்டு கேட்டார்.

"மலைல ரேடியோவுல இந்தப் பாட்டப் போடும்போதெல்லாம் தகரத்துல மழையடிக்கும் மாப்ள. பாதிதான் காதுல விழும். மீதிய இன்னைக்குத்தான் கேக்கேன். இன்னொருக்கப் போடுவியளா?"

அன்றிலிருந்து கடை அடைத்ததும் மணிராஜ் எங்கும் நிற்பதில்லை. நாற்காலி மாமனாருக்கு, மெத்தை அவனுக்கு என்று ஆயிற்று. அவர் கேட்கக் கேட்கப் போட்டுக்கொண்டே இருந்தான்.

ஆனால் பெரியவர் மகள் வீட்டில் ஒட்டிக்கொள்கிற ஆள் இல்லை. ஒரு காலையில் தகரப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு நின்றார். வெக்கை தாங்கவில்லை, மணிமுத்தாறுக்கே போகிறேன் என்றார்.

"உங்களுக்கும் எடஞ்சல் மாப்ள. கம்பளி இங்கனயே கெடக்கட்டும். அதான உங்களுக்கு வேணும்."

முத்துராணி அறை வாசலில் நின்றாள். அப்பாவைத் தடுக்கவில்லை. மணிராஜின் முகத்தை மட்டும் பார்த்தாள்.

"மாமா, ஒரு நிமிசம் வெளிய நில்லுங்க" என்றான் மணிராஜ். அவர் வெளியே போனதும் கையைத் தட்டினான். உள்ளே வரச் சொல்லி மறுபடி தட்டினான். டாக்டர் மாதிரித் தலையைச் சாய்த்துக் கேட்டான்.

"கேட்டியளா? நீங்க வெளிய நின்னா டங்குங்கு. உள்ள வந்தா அடங்கிருது. நீங்க போயிட்டா இவ்வளவு சாமானும் வீண் மாமா."

பெரியவர் நம்பாமல் மகளைப் பார்த்தார்.

"ஆமாப்பா" என்றாள் முத்துராணி. "எனக்கே தெளிவாக் கேக்கு."

தகரப் பெட்டி பையத் திரும்பி மூலைக்குப் போனது.

கடையில் எந்த லென்ஸை வைத்தாலும், கேள்வி கேட்கிறவன் மனம் கோணக்கூடாதே என்று "இதுதான் தெளிவு" என்று சொல்லிவிடுகிறவர்களை மணிராஜுக்கு நன்றாகத் தெரியும். இரண்டு கைதட்டலும் அவனுக்கு ஒரே மாதிரிதான் கேட்டன. வாங்கிய நாளிலிருந்து அந்த இரண்டு ஒயரும் அப்படித்தான்.