கண்ணிவெடி விளையாட்டு
கொழும்பு கொட்டாஞ்சேனை மாடிவீட்டில் காலை வெயில் கம்ப்யூட்டர் திரையில் விழுந்து கூசுகிறது. துறைமுகக் கிளார்க் கிளறன்ஸ் ஒரு கையால் வெயிலை மறைத்தபடி, மெஷினோடு கூடவே வந்த புரோகிராம்களின் பட்டியலைத் துழாவுகிறார். கீழ்வீட்டில் ஆமி செக்கிங்; தமிழ் வீடுகளை ஒவ்வொன்றாகச் சோதித்து வருகிறார்கள். அலுமாரிக் கதவுகள் அடிபடுகின்றன. "அந்த மைன்ஸ்வீப்பரை எடுத்துவிடுங்கோ. கண்டாங்கள் எண்டா என்ன சொல்லுவீங்கள்?" என்கிறாள் மனைவி மெற்றில்டா. ஒளிந்திருக்கும் கண்ணிவெடிகளைக் கண்டுபிடித்துக் கொடி நடுகிற சின்ன விளையாட்டு அது. பட்டியலில் அதன் பெயருக்குப் பக்கத்துச் சின்னப் பெட்டிக்குள் இருந்த சரி அடையாளத்தை எடுத்துவிட்டு அவர் நெக்ஸ்ட்டை அழுத்துகிறார். பெயர் மறைகிறது. பூட்ஸ் சத்தம் படியேறி வருகிறது. அடையாள அட்டைகளைப் பார்த்து முடித்த சிப்பாய், கம்ப்யூட்டரைக் கண்டதும் முகம் மலர்ந்து கதிரையில் உட்காருகிறான். கேம்ஸைத் திறந்து மேலும் கீழும் தேடுகிறான். "அங்கிள், போம்ப கேம் எக்க கோ?" குண்டு விளையாட்டு எங்கே என்று சிங்களத்தில் கேட்கிறான். இந்த மெஷினில் அது வரவில்லை என்று கிளறன்ஸும் சிங்களத்திலேயே முணுமுணுக்கிறார். "எல்லா மெஷினிலும் வருமே," என்று நிமிர்ந்தவன், அவர் முகத்தையும் மெற்றில்டாவின் முகத்தையும் பார்க்கிறான். சிரிப்பு மெல்ல வடிகிறது. கிளறன்ஸுக்குக் காது சுடுகிறது; தரையைப் பார்க்கிறார். சிப்பாய் மவுஸை எடுத்த இடத்திலேயே வைத்து, கதிரையைச் சத்தமில்லாமல் மேசைக்குள் தள்ளிவிட்டு எழுகிறான். வாசலைக் கடக்கும்போது, தோளில் தொங்கிய துவக்கை அவர்கள் கண்ணில் படாதபடி மற்றத் தோளுக்கு மாற்றிக்கொள்கிறான்.