வேண்டாத பென்ஷன்

"இந்தப் பென்ஷனை நிறுத்தினாத்தான் நம்ம மாநிலம் உருப்படும்!"

ஹரீஷ்குமார் போட்ட சத்தத்தில், சமையலறையில் வெங்காயம் அரிந்துகொண்டிருந்த பிரவீனா எட்டிப் பார்த்தாள். டி.வி.யில் பட்ஜெட் விவாதம் ஓடிக்கொண்டிருந்தது. புதுப் பென்ஷனில் மாதாமாதம் இவ்வளவு என்று உறுதி கிடையாது, பழைய பென்ஷனைத் திரும்பக் கொடுங்கள் என்று அரசு ஊழியர் சங்கத்துக்காரர் ஒருவர் கேட்க, கஜானாவில் ஏது பணம் என்று எதிரே இருந்தவர் மேஜையைத் தட்டினார்.

"சம்பளம், பென்ஷன், வட்டி... வர்ற வருமானமெல்லாம் இதுக்கே போயிடுது. அப்புறம் ரோடு எப்பிடிப் போடுவாங்க?" என்றான் ஹரீஷ்குமார். ஓசூர் சிப்காட்டில் ஒரு தொழிற்சாலையின் ஹெச்.ஆர். மேனேஜர் அவன். "எங்க கம்பெனியில ரிடையர் ஆனா ஒரு சால்வை, ஒரு குரூப் போட்டோ. அவ்ளோதான். அவங்கெல்லாம் செத்தா போயிட்டாங்க?"

சோபாவின் ஓரத்தில் உட்கார்ந்திருந்த அவன் அம்மா மங்கம்மா மெதுவாகக் கேட்டாள்.

"எனக்கு வர்றதும் அந்தக் கணக்குலதான் சேருமா கண்ணு?"

அவள் கணவர் சென்னப்பன் அரசு கால்நடை மருத்துவமனையில் உதவியாளராக இருந்து ஓய்வு பெற்றவர். அவர் போன பிறகு மங்கம்மாவுக்குக் குடும்பப் பென்ஷன் வந்துகொண்டிருந்தது. வந்த கையோடு அது ஹரீஷ்குமாரின் வீட்டுக் கடன் தவணைக்குப் போய்விடும்.

"உன்னைச் சொல்லலைம்மா. பொதுவா சொல்றேன்."

"பொதுவான்னா அதுல நானும்தானே?"

"அய்யோ, இது பொருளாதாரம்மா. உனக்குப் புரியாது."

"சரி. பென்ஷன் வேண்டாம்னா யாருகிட்டச் சொல்லணும்?"

"கருவூலத்துல எழுதிக் குடுக்கணும்" என்றான், டி.வி.யிலிருந்து கண்ணை எடுக்காமலே.

மறுநாள் அவன் ஆபீஸில் மீட்டிங்கில் இருந்தபோது பிரவீனாவின் போன் வந்தது.

"ஏங்க, அத்தை கருவூலத்துக்குக் கிளம்பிப் போயிட்டாங்க. பென்ஷனை நிறுத்தச் சொல்லப் போறாங்களாம்!"

"என்னது! நீ தடுக்க வேண்டியதுதானே?"

"தடுக்காம இருப்பேனா? 'இனிமே அதை வாங்கறது முறையில்லம்மா'ன்னு சொல்லிட்டு ஆட்டோ ஏறிட்டாங்க. எல்லாம் நீங்க பேசின பேச்சு. இனி வீட்டுத் தவணையை அந்த டி.வி.க்காரன் வந்து கட்டுவானா?"

ஹரீஷ்குமார் போனைச் சட்டைப்பையில் போட்டான். மீட்டிங்கைப் பாதியில் விட்டுவிட்டுக் காரை எடுத்தான். பேருந்து நிலையம் பக்கம் நெரிசலில் மாட்டி, ஹாரன் அடித்து, நாலு பேரிடம் திட்டு வாங்கிக் கருவூலம் போய்ச் சேர்ந்தான்.

உள்ளே பெஞ்சு நிறைய வயதானவர்கள். மங்கம்மா கவுன்ட்டரில் நின்று கிளார்க் சரிதாவிடம் ஏதோ பேசிக்கொண்டிருந்தாள்.

"அம்மா! வேண்டாம்மா!" மூச்சு வாங்க ஓடிப்போய் அவள் கையைப் பிடித்தான். "நேத்து நான் ஏதோ வாய்க்கு வந்ததைப் பேசிட்டேன்."

"நல்லாத்தானேடா பேசின?"

"எல்லாம் தப்பும்மா. பென்ஷன் என்ன பிச்சையா? நடுராத்திரி மாடு கன்னு போட முடியாம கெடந்தாக்கூட அப்பா சைக்கிள்ல போவாரே, அந்த உழைப்புக்குக் கூலிம்மா இது. அப்பக் குடுக்காம பிடிச்சு வெச்சதை இப்பக் குடுக்கறாங்க. இது உரிமை!"

பெஞ்சில் இருந்தவர்கள் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். அவன் குரல் இன்னும் ஏறியது.

"கஜானாவுல பணம் இல்லையாம்! எங்களை மாதிரிக் கம்பெனிக்கு வரியில சலுகை, கரன்ட்டுல சலுகை, இடத்துல சலுகை. அதுக்கெல்லாம் எங்கிருந்து வருது? வயசானவங்க சோத்துலதான் கை வெக்கணுமா?"

படபடவென்று கைதட்டல். கைத்தடியோடு ஒரு பெரியவர் எழுந்தே நின்றுவிட்டார். "தம்பி, எந்த டிபார்ட்மென்ட்டு? அடுத்த வாரம் கிருஷ்ணகிரியில ஆர்ப்பாட்டம் வெச்சிருக்கோம். அவசியம் வந்து பேசணும்."

மங்கம்மா முந்தானையால் மகனின் நெற்றி வியர்வையைத் துடைத்தாள்.

"நீ பேசினதுக்காகவாடா வந்தேன்? தினமும்தான் பேசற. அதுக்கெல்லாம் கோவிச்சுக்கிட்டு யாராவது பென்ஷனை விடுவாங்களா?"

"அப்புறம் எதுக்கும்மா?"

"ஒரு மாசமா சொல்லணும்னுதான் பார்க்கறேன். வீட்டுல டி.வி. பேசுது, இல்லைன்னா நீ பேசற. எனக்கு எங்க நேரம் குடுத்தீங்க?"

சரிதா குறுக்கிட்டாள். "அம்மா, நான் சொன்னது புரிஞ்சுதுங்களா? இப்பவே எதுவும் எழுதிக் குடுக்க வேண்டாம். முதல்ல கல்யாணம் முடியட்டும். பதிவு பண்ணின சர்டிபிகேட்டோட வாங்க, நிறுத்திடலாம். மறுமணம் ஆயிட்டா குடும்பப் பென்ஷன் கிடையாதுங்க."

"கல்யாணமா? யாருக்கு?" என்றான் ஹரீஷ்குமார்.

"எனக்குத்தான்" என்றாள் மங்கம்மா. முகம் சிவந்திருந்தது, ஆனால் குரலில் நடுக்கம் இல்லை. "ராஜப்பன்னு பேரு. ராயக்கோட்டைக்காரரு. நெடுஞ்சாலைத் துறையில டிரைவரா இருந்து ரிடையர் ஆனவரு. உசுரோட இருக்கோம்னு காட்ட வருசா வருசம் நேர்காணலுக்கு இங்க வர்றப்பப் பழக்கம். வெளியில நிக்கறாரு."

ஹரீஷ்குமார் வாசலைப் பார்த்தான், அம்மாவைப் பார்த்தான். ஊர் என்ன சொல்லும் என்று அவன் கேட்கவில்லை. கல்யாணம் என்றைக்கு என்றும் கேட்கவில்லை. அவள் காதருகே குனிந்து, ரகசியமாகக் கேட்டான்:

"அவருக்குப் பழைய பென்ஷனாம்மா, புதுசா?"