ரெட்டைப் பிள்ளைக்காரியின் விரல்

இரட்டைப் பிள்ளை பெற்றவள் நீவிவிட்டால் சுளுக்கு விட்டுப்போகும் என்று ஊரே செண்பகவடிவிடம் வந்து நிற்கும். படியில் விழுந்தபோது அவளும் தன் முழங்காலில் சுளுக்கு என்றே நம்பி, ஒரு வருஷமாக நல்லெண்ணெய் தொட்டு நீவிக்கொண்டிருந்தாள். எலும்பு முறிந்திருந்தது எக்ஸ்ரே படம் எடுத்த பிறகுதான் தெரிந்தது. இப்போது ஆபரேஷன் மேசையில், முதுகில் போட்ட மரப்பு ஊசியில் இடுப்புக்குக் கீழே அவள் கரைந்துபோயிருந்தாள். பச்சைத் திரைக்கு அப்பால் யாருடைய காலையோ போல அவள் முழங்காலைத் திறந்து வைத்திருந்தார்கள்.

“ரெண்டு துண்டும் உரசி உரசிக் கூழாங்கல்லாட்டம் ஆயிருக்கு,” என்றார் டாக்டர். “சுரண்டி ரத்தம் வர வச்சாத்தான் ஒட்டும்.”

மேலே விளக்கின் கண்ணாடியில் தெரிந்த அந்த இரண்டு வெள்ளைக் கற்களும், ஒரே தொட்டிலில் போட்ட பிள்ளைகளைப் போல, ஒன்றையொன்று அறியாமல் கிடந்தன. அவள் கட்டைவிரல் தானாகக் காற்றை நீவியது.

தலைமாட்டில் நின்ற நர்ஸ் அதைப் பார்த்துவிட்டுக் குனிந்தாள். “யம்மா, நீங்கதான அந்த ரெட்டப்பிள்ளக்காரி? நேத்து வழுக்கி விழுந்ததுல மணிக்கட்டு சுளுக்கிட்டு. லேசா ஒரு நீவு நீவுங்களேன்.”

செண்பகவடிவு அந்தக் கையை வாங்கிக்கொண்டாள். விரலை வைத்தாள். நீவவில்லை. திரைக்கு அப்பால் சுரண்டும் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. சாத்திய கதவில் காது வைத்ததுபோல் விரல் அந்தத் தோலின் மேல் அப்படியே இருந்தது.